ஏழு வரி மனப்பாடம்

"இன்னொருக்காச் சொல்லு அம்மிணி. வலது கண்ணை நல்லா மூடு. வெரல் சந்துல பாக்காத."

சங்ககிரி லாரி ஸ்டாண்டில் மத்தியான வெயில். பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றின் பின்கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கண் டாக்டர் அறையில் தொங்குமே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகப் பொடி எழுத்துமாக, அந்தப் பலகையின் நகல். இருபதடி தள்ளி ஒரு பழைய டயர் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் அண்ணன் தங்கராசு. அந்த லாரியின் டிரைவர்.

"இ," என்றேன். "எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, இ, டி."

"பாத்துச் சொல்றயா, பாக்காமச் சொல்றயா?"

"பாக்காமத்தானுங்ண்ணா. இடது கண்ணுல லாரியே பாதிதானுங்க தெரியுது."

"அப்பச் செரி," என்றார் அண்ணன். "அடுத்த வரிக்குப் போ."

டீசல் வாடை, சூடேறிய தார்ப்பாய் வாடை. எங்கேயாவது அந்த வாடை அடித்தால் இன்றைக்கும் என் வாய்க்குள் எழுத்துகள் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நானாக நிறுத்தினால்தான் உண்டு.

விஷயம் இதுதான். இன்னும் இருபது நாளில் தேசியப் போட்டி. என் இடது கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து, பிரிந்துகொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் என்னை ரிங்கில் ஏற விடமாட்டார்கள். தெரியாமல் ஏறினால் கண் போகும். இரண்டும் எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். கண்ணைப் பார்த்த டாக்டரை விட்டால் வேறு ஆளுக்குத் தெரியாது.

இந்தத் தொடரில் முன்பு அந்தப் போட்டியைப் பற்றி எழுதியபோது, "மருத்துவப் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். நீங்களும் படித்துவிட்டு, தங்கப் பதக்கத்துக்கு வாழ்த்துச் சொல்லிக் கடிதம் போட்டீர்கள். அந்த ஒரு வரி பொய். அதைத் திருத்தாமல் மேற்கொண்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

ரெண்டாம் நம்பர்

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்கிறீர்கள் என்றால், நான் கோமதி. மல்லசமுத்திரம் பக்கம், மரவள்ளியும் கடலையும் விளைகிற தோட்டத்துக் குடும்பம். குத்துச்சண்டையில் லைட்வெயிட். அதாவது அறுபது கிலோவுக்கு மேல் ஒரு பொட்டு கூடக் கூடாது. பதினாலு வருசம் அந்த அறுபதுக்குள்ளேயே குடித்தனம் நடத்தினேன்.

சும்மா இல்லை அது. கல்யாண வீட்டில் இலை போட்டதும் எழுந்து ஓடியிருக்கிறேன். கறி விருந்தில் மோர் மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். "ஊட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போறவ" என்று சொந்தத்தில் எனக்குக் கெட்ட பேர். எங்கள் பக்கம் அதைவிடக் கெட்ட பேர் ஒரு பொண்ணுக்கு வாங்க முடியாது.

அப்பா தவறும்போது நான் மூணாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பத்தாவது. பரீட்சை எழுதி முடித்த மறுவாரமே அண்ணன் லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். தோட்டத்தை அம்மா பார்த்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தார்கள்.

நான் குத்துச்சண்டைக்குப் போகிறேன் என்றபோது அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதார். "மூக்குக் கோணிப் போச்சுன்னா எவன் சாமி உன்னக் கட்டுவான்?"

அண்ணன் சொன்னார்: "கோணுனா நேராக்கிக்கலாம் உடும்மா."

சொன்னதோடு நிற்கவில்லை. கிழிந்த தார்ப்பாயை இரட்டையாகத் தைத்து, லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து அடைத்து, தோட்டத்து வேம்பில் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டார். என் முதல் பயிற்சி மூட்டை அதுதான். மழைக்காலத்தில் ஊறிப்போய்க் கல் மாதிரி இருக்கும். குத்தினால் முட்டி தோல் உரியும்.

போட்டிகளுக்கு எத்தனையோ தடவை அண்ணனின் லாரியிலேயே போயிருக்கிறேன். சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகையில் படுத்துக்கொண்டு போவேன். வழியில் நிறுத்தி அண்ணன் தோசை சாப்பிடுவார். நான் வெந்நீர் குடிப்பேன். "உன்னப் பாத்துக்கிட்டே திங்கறது பாவமா இருக்குது" என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

தேசியப் போட்டியில் இரண்டு தடவை இறுதிச் சுற்றுக்குப் போனேன். இரண்டு தடவையும் தோற்றேன். ஊர்ப் பேக்கரியில் கேட்பார்கள்: "என்ன கோமதி, மறுக்காவும் வெள்ளிதானா? பேசாம வெள்ளிக்கடை வெச்சரலாம் போ." நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் அந்த மூட்டையைப் போட்டு அடிப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்கிற வயது தாண்டிவிட்டது.

கறுப்பு வந்த விதம்

பயிற்சிச் சண்டையில் ஒரு சின்னப் பொண்ணின் கிளவுஸ் ஓரம் இடது கண்ணில் பட்டது. வேண்டுமென்று அடித்ததில்லை, பாவம். அவளே பயந்துபோய் ஓடிவந்து ஊதிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணோரத்தில் மின்னல் வெட்டியது. அப்புறம் கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள். கையை வீசி விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. நாலாம் நாள் மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை ஏறத் தொடங்கியது.

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிச் சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டு, வெகுநேரம் பார்த்தார் டாக்டர்.

"இந்த வாரமே ஆபரேஷன் பண்ணணும். இப்ப பண்ணா பார்வையக் காப்பாத்திரலாம். பிரிவு நடுவுல வந்துட்டா என்னால உறுதி சொல்ல முடியாது. குத்துச்சண்டை இனிமே கூடாதும்மா."

"எத்தனை நாளைக்குங்க?"

"எப்பவுமே."

நாளைக்கு வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து, பயிற்சி ஷூவுக்குள் முனையில் திணித்துவைத்தேன். மறுநாள் போகவில்லை.

என் பயிற்சியாளர் ஜோசப் சாரிடம் சொல்லியிருந்தால் அந்த மணி நேரமே பட்டியலில் இருந்து என் பேரை எடுத்திருப்பார். எடுக்க வேண்டியதும் அவர் கடமை. அதனாலேயே சொல்லவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

ஏன் அவருக்குப் போட்டேன் என்று பல வருசம் யோசித்திருக்கிறேன். அண்ணன் வேண்டாம் என்று சொன்னால் நின்றுவிடலாம் என்று இருந்தது. என்னாலேயே என்னை நிறுத்த முடியவில்லை, யாராவது கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தால் தேவலை என்று இருந்தது. இது நான் இப்போது சொல்வது. அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அண்ணன் வந்தார். முழுக்கக் கேட்டார். அப்புறம் இரண்டே கேள்வி கேட்டார்.

"ஜெயிச்சுருவயா?"

"ஜெயிச்சுருவனுங்ண்ணா."

"அங்க பலகை படிக்கச் சொல்லுவாங்களா?"

"ஆமாங்க."

"அதுக்கு வழி இருக்குது," என்றார்.

ஸ்டாண்டுப் பாடம்

லாரி ஸ்டாண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது திகைப்பாக இருக்கும்.

நாற்பது தாண்டிய டிரைவர்களில் சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குப் புரை. லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்று வேண்டும். அதற்காக அந்தப் பலகையின் நகல் ஒன்று ஸ்டாண்டில் கைமாறிக்கொண்டே இருக்கும். ஏ பி சி டி முழுதாகத் தெரியாதவர்கூட அந்த ஏழு வரியையும் கந்த சஷ்டிக் கவசம் மாதிரி ஒப்பிப்பார். எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் இது தப்பு என்று அங்கே ஒருவரும் நினைத்து நான் பார்த்ததில்லை. செக்போஸ்ட் மாதிரி அதுவும் ஒன்று, தாண்டிவிட்டால் ரோடு நம்முடையது என்று இருப்பார்கள்.

நானும் அந்த மண்ணில் வளர்ந்தவள்தானே. எனக்கும் அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன்.

நாலு நாள் பாடம் நடந்தது. நேராக ஒப்பித்தேன். பின்னாலிருந்து ஒப்பித்தேன். நடுவில் ஒரு வரியைச் சொன்னால் அந்த வரியை மட்டும் சொன்னேன். அது போதாதென்று அண்ணன் இன்னும் நுணுக்கம் சொன்னார்.

"வேகமாச் சொல்லீராத. அஞ்சாவது வரியில ஒரு நொடி நில்லு, கண்ணைச் சுருக்கு. ஏழாவதுல ஒண்ணே ஒண்ணு தப்பாச் சொல்லோணும். எல்லாங் கரெக்டாச் சொன்னீன்னா டாக்டருக்குச் சந்தேகம் வந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்ண்ணா, இத்தனை நுணுக்கம் எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"ஸ்டாண்டுல பேசறதுதான்," என்றார். காகிதத்தைப் பிய்த்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் நம்பிவிட்டேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்?

மூணுக்கு ரெண்டு

போட்டி நடந்த ஊர் வடக்கே, குளிரான ஊர். பரிசோதனை அறையில் களைத்துப்போன ஒரு டாக்டரம்மா. வலது கண்ணை அட்டையால் மூடினார். எதிரே எனக்குப் பலகையும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. மேல் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று.

படித்தேன். அஞ்சாவது வரியில் நின்றேன். ஏழாவதில் ஓவுக்குப் பதில் சி என்றேன். மூணாவது வரியைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். இசட், ஓ, டி. தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரை ஏமாற்றுவதற்கு நாலு நாள் உழைத்துவிட்டுப் போயிருந்தேன்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். "பாஸுங்ண்ணா!" இரண்டு பேரும் சிரித்தோம். சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கு எனக்கு உடம்பு கூசுகிறது.

நான் எப்போதும் இடது காலை முன்வைத்து நிற்கிறவள். இடது கண் இல்லையென்றால் எதிராளியின் வலது கை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அதனால் முதல் சுற்றிலிருந்தே நிலையை மாற்றி, வலது தோளை முன்னால் கொடுத்து நின்றேன். ஜோசப் சார் அசந்துபோனார். "எப்பம்மா இதப் பழகுன?"

"சும்மா, மாத்திப் பாக்கலாம்னு சார்."

இறுதிச் சுற்றில் எதிரே நின்றவள் என்னைவிட எட்டு வயது இளையவள், நெடுநெடுவென்று உயரம். முதல் சுற்று எனக்கு. இரண்டாவதில் அவள் என் இருட்டுப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது, அந்தப் பக்கம் அடித்தால் விழுகிறது என்று மட்டும் தெரிந்தது. நாலு தடவை அதே கை வந்தது. ஒவ்வொரு தடவையும் அடி விழுந்த பிறகுதான் அது வந்ததே எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் அவளை ஒட்டிக்கொண்டு நின்றேன். கை வீச இடம் கொடுக்காமல், மூச்சு மேலே படுகிற தூரத்தில் நின்று விலாவிலேயே குத்தினேன். கண் வேண்டாத தூரம் அது. தார்ப்பாய் மூட்டையைக் குத்தின கைக்கு அது போதும்.

ஐந்து நடுவர்களில் மூன்று பேர் எனக்கு, இரண்டு பேர் அவளுக்கு. நடுவர் என் கையைத் தூக்கினார். பதினாலு வருசம்! அழுதேன், குதித்தேன், ஜோசப் சாரின் சட்டையைக் கிழித்தேன்.

நிலையை மாற்றி ஆடியது பெரிய தந்திரம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ஆமாம் ஆமாம் என்று நானும் பேட்டி கொடுத்தேன். இப்போது பயிற்சி எடுக்கும் பெண்கள்கூட அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வருசத்தில் இரண்டு தடவை கண் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பலகை வைத்துப் பார்க்கிறேன். ஏன் இந்த அக்கா இப்படிப் படுத்துகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

மறுநாள் காலை ரயிலில் கண் விழித்தேன். இடது பக்கம் முழுசாகக் கறுப்பு.

குப்புறப் படுத்த நாட்கள்

அதே சேலம் ஆஸ்பத்திரி, அதே டாக்டர். திட்டவில்லை. "அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம்.

விழித்திரையை ஒட்டவைத்துக் கண்ணுக்குள் வாயு அடைத்தார்கள். அந்த வாயு திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பத்து நாள் குப்புறவே படுக்க வேண்டும். சாப்பிடுவதும் குனிந்த தலையோடுதான். பத்து நாளும் நான் மனிதர்களின் பாதங்களைத்தான் பார்த்தேன். அம்மாவின் வெடித்த குதிகால். அண்ணி சரசுவின் மெட்டி. அண்ணனின் ரப்பர் செருப்பு.

லோடுக்குப் போகாமல் அண்ணன் கூடவே இருந்தார். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, கட்டிலுக்கு வெளியே தொங்குகிற என் வாய்க்குக் கஞ்சி ஊட்டுவார். பக்கத்தில் தண்ணீர் டம்ளர் வைத்திருப்பார்.

ஒரு நாள் நர்ஸ் அந்த டம்ளரை அவருக்கு வலப்பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனார். அண்ணன் கை நீட்டினார். டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போனது கை. திரும்பி வரும்போது தட்டிவிட்டது. "அடச்சே" என்று துடைத்தார்.

மறுநாளும் அதே மாதிரி நடந்தது.

அதைத் தற்செயல் என்று என்னால் விட முடியவில்லை. ஏனென்றால் இருபத்தைந்து நாளாக நானும் அப்படித்தான் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன், இடது பக்கம். அந்தத் தட்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காத நேரத்தில், நானே கையை நீட்டி டம்ளரை அவரின் வலப்பக்கம் நகர்த்தினேன். அது முன்பு இருந்த இடத்திலேயே துழாவினார். இல்லை என்றதும் கழுத்தை முழுசாகத் திருப்பித் தேடி எடுத்தார். கழுத்தைத் திருப்புகிற அந்தப் பழக்கத்துக்காகச் சின்ன வயதிலிருந்து அவரைக் காக்கா என்று கேலி செய்திருக்கிறேன். ஸ்டாண்டிலும் அவருக்கு அதுதான் பேர்.

"அண்ணா," என்றேன். "உங்களுக்கு வலது கண்ணுல என்னங்க தெரியுது?"

டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெளிச்சந் தெரியும்," என்றார்.

"எத்தனை வருசமாங்க?"

"நீ ஆறாவது படிக்கயில. வண்டிக்கு அடியில ஸ்பிரிங் பட்டை மாத்தறதுக்குச் சுத்தியல்ல அடிச்சமா, இரும்புத் துணுக்கு ஒண்ணு தெறிச்சிருச்சு. கிளீனர் வேலையில அதெல்லாஞ் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? கண்ணு போனவனுக்கு எவன் ஸ்டேரிங்கக் குடுப்பான்? ஊட்டுல நீங்க ரெண்டு பேரு."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"அண்ணிக்கு?"

"ஊட்டுல பலகையா படிக்கச் சொல்றாங்க?"

குப்புறப் படுத்தபடி அழுதேன். ஆபரேஷன் செய்த கண்ணோடு அழக்கூடாது என்பார்கள், அழுதேன். ஸ்டாண்டில் பேசிக் கேட்டது என்று அவர் சொன்ன அத்தனை நுணுக்கமும் அவர் தனக்காகக் கண்டுபிடித்தது. ஏழாவது வரியில் ஒன்றைத் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர் எத்தனை தடவை பயந்து பயந்து அந்தப் பலகை முன்னால் நின்றிருப்பார்!

"போதுமுங்ண்ணா. இனி ஓட்ட வேண்டாமுங்க," என்றேன்.

"பதினெட்டு வருசமா ஒரு கீறல் கெடையாது அம்மிணி."

"ரோட்டுல நீங்க மட்டுமாங்க போறீங்க? ரிங்குல நான் ஏமாத்துனா குத்து எனக்குத்தான் உழுகும். வலது பக்கம் ஏறி வார டூவீலர்க்காரன் என்னுங்க பண்ணுனான்?"

"உனக்குச் சொல்லிக் குடுத்தேனே, அப்ப மட்டும் இனிச்சுதாக்கும்? நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா நீ நின்னிருப்பயா?"

"நின்னிருப்பனுங்க."

"பொய்யி," என்றார் அண்ணன். எழுந்து வெளியே போனார்.

பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

ஆபீஸ் வாசல்

வீட்டுக்கு வந்த மறுவாரம் அண்ணன் மறுபடியும் ஸ்டேரிங்கைப் பிடிக்கப் போகிறார் என்று அண்ணி சொன்னார். சிமெண்ட் லோடு. இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

கண்ணில் கட்டோடு பஸ் ஏறிச் சங்ககிரி போனேன். லாரி ஓனர் எங்களுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வா சாமி, வா. பேப்பர்லெல்லாம் உன் போட்டோதான். கண்ணுக்கு என்ன, அடியா? உக்காரு, டீ சொல்றேன்."

"டீ வேண்டாமுங்க மாமா. ஒண்ணு சொல்லோணும்." நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "அண்ணனுக்கு வலது கண்ணு தெரியாதுங்க."

சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"யாரு சொன்னா?"

"நாஞ் சொல்றனுங்க. பதினெட்டு வருசமாத் தெரியாதுங்க."

"நீ வந்தது தங்கராசுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

மாமா வாசல்வரை கூட வந்தார். "போயிட்டு வா சாமி," என்றார். "நான் பாத்துக்கறேன்."

மாமாவை ஏமாற்றக் கூடாது, ரோட்டில் போகிற பிள்ளைகுட்டிகளுக்கு ஆபத்து என்றுதான் போனேன். அது நிஜம். ஆனால் அதோடு கூட இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். என்னை ஏன் தடுக்கவில்லை என்று அண்ணன் மேல் எனக்கு அடங்காத கோபம் இருந்தது. என் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அந்தக் கோபமும் சேர்ந்துதான் வந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் அண்ணனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் வாங்கினார்களாம். அண்ணன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இரு அம்மிணி," என்றார். கழுத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்துவிட்டு நடந்து போனார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. டயருக்கு ரப்பர் போடுகிற கடையில் வேலை பார்க்கிறார். ஊரில் அம்மாவைப் பார்க்க நான் வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நாளில் வராமல் இருக்கிறார். என் கல்யாணத்தில் அண்ணன் செய்ய வேண்டிய சீர் முறை அத்தனையும் ஒன்று குறையாமல் செய்தார். என் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உட்காரவைத்தார், பந்தியில் நின்று பரிமாறினார், மறுவீட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டார். என்னிடம் ஒரு சொல் இல்லை.

என் இடது கண் திரும்பி வரவில்லை. கையை அசைத்தால் நிழல் அசைவது தெரியும். பதக்கத்தை இதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு எதிரே நின்ற அந்தப் பொண்ணுக்கு அது நியாயம்தான்.

போன வாரம் அண்ணிக்குப் போன் செய்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். பக்கத்தில்தான் இருந்தார் போல, பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அவர் இருமுவது கேட்டது.

"எழுதிக்கச் சொல்றாருங்க," என்றார் அண்ணி.

"போனக் குடுங்களேன் அண்ணி."

அண்ணி போனை நீட்டிப் பார்த்திருப்பார். "வேண்டாங்கறாரு கோமதி," என்றார் அண்ணி.

அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவருக்குச் செய்ததை அன்றைக்கு அவர் எனக்குச் செய்திருக்கலாம். ஜோசப் சாரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும். நானும் அவரோடு பேசியிருக்க மாட்டேன்.